வீரவால்

1

"அத மட்டும் எழுதிடாத. வேற இன்னா வேணா எழுதிக்க."

"சங்கத்துல அதத்தான் எழுதச் சொல்றாங்க ஆன்ட்டி."

"சொல்லுவாங்க. முப்பத்தஞ்சு வருஷம் கத்தி செஞ்ச மனுசனுக்கு 'வால் பாய்'னு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சவங்க வேற இன்னா சொல்லுவாங்க?"

இந்தக் கதை பிறந்தது இங்கேதான், மேலே உள்ள மூன்றாவது பேச்சில். நல்ல கதைகள் கனவிலோ, தாமதமாக வந்து சேரும் கடிதத்திலோ பிறப்பதாக ஏஞ்சல் படித்திருக்கிறாள். இது போஸ்டரில் பிறந்தது. பசை காய்ந்த பிறகுதான் பிறந்தது.

ஆட்களைச் சொல்லிவிடலாம். எழுதாதே என்றவர் பஷீரா. கணவர் இறந்து ஒன்றரை மாதமாகிறது. இத்தாவில் இருப்பதால் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். கணவர் அமீருதீன், அஸ்தினாபுரத்தில் அதே வீட்டின் முன்னறையில் ஷட்டர் போட்டு, கேட்பவர் கைக்கும் ஆசைக்கும் தகுந்தபடி கத்தியும் வாளும் செய்துகொடுத்தவர். ஏஞ்சல் மாடியில் குடியிருப்பவள். நாவலூரில் வேலை. போகவும் வரவும் பேருந்தில் கழியும் மூன்று மணி நேரத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தீர்ப்பவள். சங்கம் என்பது வட்டாரத்து இரும்புப் பட்டறைக்காரர்களின் சங்கம். அதன் ஆண்டு மலரில் அமீருதீனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எழுதும் வேலையை ஏஞ்சல் தலையில் கட்டிவிட்டார்கள்.

இதை எழுதுவதும் ஏஞ்சல்தான். (பிறகு ஏன் 'நான்' இல்லை? 'நான்' என்று தொடங்கிப் பார்த்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே மாட்டிக்கொள்ள இருந்தாள். 'அவள்' என்றால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடலாம்.)

2

முதல் தொடக்கம்:

"பனி விடாது பொழிந்துகொண்டிருந்த அந்தக் காலையில், முதிய வாள் வினைஞர் தன் உலைக்களத்தின் கனத்த கதவைத் திறந்தபோது"

[நிறுத்து. பனியா? அஸ்தினாபுரத்திலா? இங்கே மேலிருந்து விழுவது ஏசி தண்ணீர். உலைக்களமும் கிடையாது. ஒரு கிரைண்டர், ஓர் அடுப்பு, பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகள், சுவரில் பிரியாணிக் கடை காலண்டர்.]

இரண்டாம் தொடக்கம்:

"அஸ்தினாபுரத்தில் ஒரு வாள் செய்பவர் இருந்தார்."

[உண்மை. ஆனால் யார் நம்புவார்கள்? வாளுக்காகவே ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்பார்கள். குரோம்பேட்டை என்று மாற்றலாம். மாற்றினால் பொய். பொய்யைப் பற்றி இந்தக் கதை அதிகம் பேசாமலிருப்பது நல்லது.]

மூன்றாம் தொடக்கம்:

"அமீர் பாய் மிக நல்லவர்."

[இறந்தவர்கள் எல்லோரும் மிக நல்லவர்களாகவே இருந்திருக்கிறார்கள். அமீருதீன் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிரைண்டரை ஓடவிடுவார். 'வெள்ளிக்கிழமை வாங்க' என்பார், எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லமாட்டார். தன் கத்தியை வேறு யாராவது தீட்டியிருந்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்து, பொண்டாட்டி ஓடிப்போனவனைப் போல முகத்தை வைத்துக்கொள்வார்.]

ஆகவே தொடக்கம் இல்லை. வேலையைச் சொல்வோம்.

கத்தி கேட்டு வருபவரிடம் அமீருதீன் முதலில் ஒரு சப்பாத்தி மாவு உருண்டையைக் கொடுப்பார். "வெட்டற மாதிரி புடி" என்பார். மாவில் பதியும் விரல் தடத்தை அளவெடுத்துத்தான் கைப்பிடி. பெருங்களத்தூர் கறிக்கடைக்காரரின் கத்தி வேறொருவர் கையில் செருப்பு மாறிப் போட்டதுபோல இருக்கும். மாவு பிசைவது பஷீரா. தடம் பதிந்த மாவைத் திரும்ப உள்ளே கொண்டுவரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அந்தச் சட்டம் மீறப்பட்டதாகவும், ஒரு மீன்காரரின் கட்டைவிரலை இரவுச் சாப்பாட்டில் தான் கண்டதாகவும் அவர் இன்றும் சொல்கிறார்.

வாள் வேறு கணக்கு. சினிமாக்காரர்கள் வாங்குவார்கள், கோயிலுக்கு வாங்குவார்கள். அதிகமாக வாங்கியவர்கள் கட்சிக்காரர்கள். மேடையில் தலைவருக்கு வீரவாள் கொடுப்பார்கள், அவர் உறையிலிருந்து உருவித் தூக்கிக் காட்டுவார், படம் எடுப்பார்கள், வாள் வண்டியின் பின்சீட்டுக்குப் போகும். வாளுக்கு மட்டும் அமீருதீன் கூர் வைப்பதே இல்லை. "கூர் வெச்சா கேஸு, வெக்காட்டி பரிசு" என்பார்.

3

எழுத்து பொறிப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வாளின் மேல் நெயில் பாலிஷ் பூசுவார். (ஃபேன்ஸி ஸ்டோரில் டஜன் கணக்கில் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கும் தாடிக்காரரைப் பற்றித் தெருவில் முன்பு ஒரு பேச்சு இருந்தது. அது தனிக் கதை.) காய்ந்த பூச்சின் மேல் கார்பன் வைத்து எழுத்தைப் பதித்து, ஊசியால் கீறி, ஆசிட் விடுவார். ஆசிட் தின்ற எழுத்து தின்றதுதான். அதனால் வாசகத்தை வாங்குபவரே தன் கையால் சீட்டில் எழுதித் தரவேண்டும். சீட்டில் உள்ளதைப் புள்ளி மாறாமல் வெட்டுவார். பிறகு சீட்டைக் கம்பியில் குத்திவிடுவார். "எழுத்து உன்னுது, இரும்பு என்னுது" என்பது அவருடைய சட்டம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வட்டத் தலைவர் குப்புராஜின் ஆட்கள் போனில் கூப்பிட்டார்கள். சாயங்காலம் கூட்டம், மதியத்துக்குள் வாள் வேண்டும், நேரில் வர நேரமில்லை. அமீருதீனின் கை முழுக்க எண்ணெய். சொன்ன வாசகத்தை எழுத ஆள் வேண்டும்.

அந்தச் சீட்டை எழுதியது யாரென்று

அந்தச் சீட்டை எழுதியவர் மாடிப்படியில் உட்கார்ந்து

ஏஞ்சல். ஏஞ்சல் எழுதினாள். போதுமா?

மாடிப்படியில் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தாள். நாவலில் ஒரு விதவை பனியில் ரயிலுக்குக் காத்திருந்தாள். பாய் சீட்டை நீட்டினார். ஏஞ்சல் ஒரு கண்ணை விதவையின் மேல் வைத்துக்கொண்டே, தன் புகழ்பெற்ற முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினாள்: 'மாவீரர் குப்புராஜ் அவர்களுக்கு அன்புடன் அளிக்கும் வீரவால்.'

தமிழில் மூன்று 'ல' உண்டு. ஏஞ்சலின் வாயில் ஒன்றுதான். பள்ளத்தில் விழுந்தாலும் அவள் பல்லத்தில்தான் விழுவாள். ஆனால் வாய் தவறலாம், ஆசிட் தவறாது.

மேடையில் குப்புராஜ் வாளை உயர்த்தினார். யாரோ போனில் பெரிதாக்கிப் பார்த்தார்கள். மறுநாள் காலைக்குள் அவருடைய படத்துக்கு வால் முளைத்து மேடவாக்கம் வரை ஓடிவிட்டது.*

* வாலைக் குட்டையாக வரைந்துவிட்டார்கள் என்பதுதான் அவருடைய உண்மையான வருத்தம் என்று சொல்பவர்களும் உண்டு.

4

ஆட்கள் கத்திக்கொண்டு வந்தார்கள். ஷட்டரை உதைத்தார்கள். ஏஞ்சல் ஐந்தாவது படியில் புத்தகத்தோடு நின்றிருந்தாள். அமீருதீன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னதை அவள் தெளிவாகக் கேட்டாள்.

"என் தப்புதான் தம்பி. எனக்கு எழுத்து வராது."

ஐந்து படி. இறங்கியிருக்கலாம். ஏஞ்சல் ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

அதோடு கட்சி வாள்கள் நின்றன. 'வால் பாய்' என்ற பெயர் நின்றுவிட்டது. ஆட்டோக்காரர்கள் 'வால் பாய் கடைக்கு எதிர்ச்சந்து' என்று வழி சொன்னார்கள். அவர் அதற்கும் திரும்பிப் பார்த்தார்.

இப்போது சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கன், சாணைச் சக்கரம் விற்பவர், கேட்டுக்கு வெளியே நின்றபடி ஏஞ்சலுக்குப் பாடம் எடுக்கிறார். "வால் மேட்டர் இல்லாம எழுதினா எவன்மா படிப்பான்? சிரிச்சாத்தான் மனுசன் ஞாபகத்துல நிப்பான். நான் செத்தாலும் எதுனா ஒரு தப்ப கண்டுபுடிச்சு எழுதிடு." அவர் கெட்டவர் இல்லை. அமீருதீன் இறந்த அன்று பந்தல் போட்டதும் அவர்தான், போஸ்டர் அடித்ததும் அவர்தான்.

எழுதாதே என்றாலும் பஷீராவுக்கு வால் அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. அவரைக் குத்துவது இன்னொன்று. "எழுத்து வராதுன்னாரே, அது பொய்யி. பேப்பர்ல டெண்டர் அறிவிப்பு வரைக்கும் படிப்பாரு. தப்பு இருந்தா பேனா எடுத்து அடியில கோடு போட்டுத் திருத்தி வெப்பாரு. அந்த மனுசன் கண்ணுலயா 'வால்' படாம போச்சு? யாரையோ காப்பாத்தியிருக்காரு. அது யாருன்னு எனக்குத் தெரியணும்."

அதற்காகத்தான் சீட்டுக் கம்பி உள்ளே வந்திருக்கிறது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் படித்து அடுக்குகிறார். கறிக்கடை, கறிக்கடை, மாப்பிள்ளை ஊர்வலம், ஷூட்டிங், கறிக்கடை. நான்கு வருடத்து ஆழத்தை இன்னும் தொடவில்லை.

கம்பி உள்ளே வந்ததிலிருந்து ஏஞ்சல் எதையும் கையால் எழுதுவதில்லை. மலருக்கான கட்டுரையை போனில் தட்டி, படித்துக் காட்டுகிறாள். "கையால எழுதிக் குடேன், உன் எழுத்து அழகாயிருக்குமே" என்று பஷீரா மூன்று முறை கேட்டாயிற்று. ஏஞ்சலுக்கு ஒரு முறை விரலில் சுளுக்கு, ஒரு முறை பேனாவில் மை இல்லை, ஒரு முறை அவசரமாக ஆபீஸ் போன்.

5

அமீருதீனுக்குத் தெரியுமா? (தெரியும். இருந்தாலும் கதை என்றால் கேள்வியைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.)

வால் நடந்து ஆறு மாதம் கழித்து ஏஞ்சல் அவரிடம் ஒரு காகிதக் கத்தி கேட்டாள். அவள் படிக்கும் நாவல்களில் எல்லோரும் அதை வைத்துக் கடிதம் பிரிக்கிறார்கள். அவளுக்குக் கடிதம் எதுவும் வருவதில்லை, ஒரு கூரியரையாவது பிரிக்கலாம். பாய் மாவு உருண்டையைக் கொடுத்தார், பிடித்தாள். பேர் போடணுமே என்று சீட்டை நீட்டினார். எழுதினாள். அவர் கண்ணாடியை ஏற்றி வெகு நேரம் பார்த்தார்.

"ஏஞ்சலுக்கு எந்த 'ல'மா?"

"சின்ன ல, பாய்."

"சரி. கேட்டுக்கறது நல்லது."

சிரிக்கவில்லை. கிரைண்டரைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், என்னவென்று அவளுக்கே கேட்கவில்லை.

இதைத்தான் மலரில் எழுத வேண்டும். இது ஒன்றுதான் அமீருதீனைப் பற்றி அவளுக்கு உண்மையாகத் தெரிந்தது. எழுதினால் பஷீரா தேடும் ஆள் கிடைத்துவிடுவாள்.

6

முடிவுகள் இருப்பில் உள்ளன. பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

அ. பஷீரா தொழும் நேரத்தில் ஏஞ்சல் அந்தச் சீட்டை உருவிவிடுகிறாள். [முயன்றாள், வியாழக்கிழமை. கம்பியில் நடுவிலிருக்கும் சீட்டை எடுக்க மேலே இருப்பது முழுவதையும் கழற்ற வேண்டும். நாற்பதாவது சீட்டில் தொழுகை முடிந்துவிட்டது. "ஒழுங்கா அடுக்கி வெக்கறியா, நல்ல புள்ள" என்றார் பஷீரா.]

ஆ. ஏஞ்சல் உண்மையைச் சொல்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வெளியே மெல்லப் பனி [வெளியே போ.]

இ. குப்புராஜின் ஆட்களே பிழையோடு எழுதி அனுப்பினார்கள், பாய் பெருந்தன்மையாகப் பழியை ஏற்றார் என்று மலரில் போட்டுவிடலாம். பாய்க்கு மரியாதை. பஷீராவுக்கு நிம்மதி. ஏற்கெனவே வால் உள்ளவருக்கு இன்னொரு அங்குலம் கூடினால் தெரியப்போவதில்லை.

'இ' தான் எழுதினாள். நன்றாகவே வந்தது. 'இரும்பைப் போல் உறுதியும், அதைவிட' என்றெல்லாம் போட்டு, படித்தபோது அவள் கண்ணே கலங்கியது. அச்சகத்துக்குப் போக ஒரு நாள் இருந்தது.

7

சனிக்கிழமை மாலை. பஷீரா தரையில் உட்கார்ந்திருந்தார். கம்பி கிட்டத்தட்ட காலி. ஏஞ்சல் எதிரில் உட்கார்ந்து, போனைப் பார்த்துப் படித்து முடித்தாள். குப்புராஜ் வரும் இடத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தது, பொய்க்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு.

"நல்லாக்கீது" என்றார் பஷீரா. "யார் சொன்னா, அவங்கதான் எழுதி அனுப்பினாங்கன்னு?"

பொதுவாகப் பேசிக்கொண்டார்கள் என்றாள் ஏஞ்சல்.

பஷீரா தலையாட்டினார். மாவு டப்பாவை இழுத்து, மூடியைத் திறந்து, உள்ளே கவரில் சுற்றி வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்துத் தரையில் வைத்தார். நடுவில் கம்பித் துளை. முத்துமுத்தான எழுத்து. கீழே கையெழுத்து இல்லை. ஆனால் கடைசிச் சொல்லின் கடைசி எழுத்துக்கு அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு சின்னக் கோடு. பேப்பரில் பிழை கண்டால் போடுவாரே, அதே கோடு. வெட்டுவதற்கு முன்னால் போட்டதா, ஆட்கள் வந்து போன பிறகு போட்டதா என்பதை அந்தக் கோடு சொல்லவில்லை.

[இங்கே ஏஞ்சல் எழுதுவதை நிறுத்திவிட்டாள். இதற்கு மேல் நடந்தது அவளுக்குத் தெரியும், ஆனால் அவள் சொன்னால் எந்த 'ல'வில் சொல்வாள் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை. 'அவள்' ஓடக்கூடிய தூரம் இவ்வளவுதான். கீழே இடம் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது, அதில் மையும் இருக்கிறது, பஷீரா கிறுக்கிப் பார்த்துவிட்டார். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.]

பஷீரா அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுச் சீட்டை வைத்தார். அதன் மேல் பேனாவை வைத்தார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஏஞ்சலு, போன கீழ வெச்சுட்டு, இதுல 'வீரவாள்'னு ஒரு தடவ எழுதிக் காட்டு கண்ணு."