ஆடாமல் உட்கார்

என் தம்பி க்ளெனை எனக்குப் பிடிக்காது. அப்பா போனபிறகு இதை வெளியே சொல்ல எனக்குப் பயமும் இல்லை.

அப்பா படகு வாங்கியபோது எனக்குப் பதினெட்டு, அவனுக்குப் பதினாறு. "பையன் ஓட்டட்டும், குளோரியா கயிறு பிடிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான், முடிந்தது தீர்ப்பு. பதினோரு வருடம் கயிறு பிடித்தேன். இரண்டு ஒல்லி மிதவைகள், நடுவே உட்கார இறுக்கிக் கட்டிய வலை, மேலே ஒரு பாய். கேட்டமரான் என்பார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் மர்பி டவுனிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வைட்ஃபீல்டு தாண்டி ஏரிக்குப் போவோம். அங்கே அவன்தான் கேப்டன். நான் கொஞ்சம் அசைந்தால் போதும், "ஆடாம உக்காருக்கா!" என்று கரைக்கே கேட்கும்படி கத்துவான். ஜெயித்த கோப்பைகளில் அவன் பெயர் மட்டும் இருக்கும்.

அப்பா படகை இருவர் பெயரிலும் எழுதிவைத்துவிட்டுப் போனார். க்ளென் விற்கலாம் என்றான். என் இருபத்தொன்பது வயதில் வீட்டுக்கும் ஆபீசுக்கும் வெளியே எனக்கென்று இருந்தது அந்தப் படகு ஒன்றுதான். முடியாது என்றேன்.

"நீ தனியா ஓட்டிடுவியா? ஜோக் அடிக்காதக்கா."

"ஓட்டுவேன்டா."

"சரி, அதையும் பாத்துடலாம். ஒரே போட், ஒரே ரூட், தனித்தனியா. யாரு கம்மி டைமோ போட் அவங்களுக்கு. தோத்தா கையெழுத்து போட்டுட்டுப் போய்ட்டே இரு."

மூன்று மாதம் அவகாசம் கேட்டேன். பிச்சை போடுவதுபோல் கொடுத்தான்.

அந்த மூன்று மாதமும் ஏரியின் மீட்புப் படகுக்காரர் அர்ஜுனன் என்னைத் தண்ணீரிலிருந்து பொறுக்கியெடுத்தார். காற்றை எதிர்த்துப் போவது சுலபமாக வந்தது. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் என் உயிரை வாங்கியது. கரையை நேராகப் பார்த்து ஓட்டினால் படகு சோம்பிக் கிடக்கும். க்ளென் எப்போதும் அப்படித்தான் வருவான். அவனுடைய பழைய ஸ்கூல் டையைக் கிழித்து, நாடாவாக்கி, காற்றின் திசை பார்க்க முன்கம்பியில் கட்டினேன். அது படகுக்குக் குறுக்கே பறக்கும்படி சாய்வாக ஓட்டினால் வேகம் பிடித்தது. பிடித்த வேகத்தோடு மெல்லக் கரைப்பக்கம் இறக்கலாம். வேகம் செத்தால் மறுபடி சாய்க்கலாம். தூரம் கூடும், ஆனால் நேரம் குறையும். படகைத் திருப்பும்போது பாயைத் தானாக அடிக்கவிடாமல் கையால் இழுத்து மாற்றவேண்டும் என்பதைக் கற்க நெற்றியில் நாலு தையல் போட்டுக்கொண்டேன். காற்று ஓங்கினால் படகின் மூக்கு தண்ணீருக்குள் இறங்கப் பார்க்கும். அப்போதெல்லாம் என் உடம்பு தானாகவே வலையின் பின்கோடிக்கு நகர்ந்துவிடும். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஜூலை வந்தது. மேற்குக் காற்று ஏரியைக் கலக்கிக்கொண்டிருந்தது. மேற்கே அடையாளத்துக்கு மிதக்கவிட்டிருந்த மஞ்சள் மிதவையைச் சுற்றிவிட்டுக் கரைக்குத் திரும்பவேண்டும். நேரம் பார்ப்பவர் அர்ஜுனன்.

"நீ முதல்ல போக்கா. பாத்து சிரிச்சிட்டு அப்புறம் நான் போறேன்" என்றான் க்ளென்.

சிரிக்கத்தான் சிரித்தான். நான் வளைந்து வளைந்து திரும்பியபோது, "வழி மறந்துட்டியா?" என்று கரையிலிருந்து கத்தினான். பத்தொன்பது நிமிடம், நாற்பது நொடி.

பிறகு அவன் ஏறினான். எண்பத்திரண்டு கிலோ. எதிர்காற்றில் அந்தக் கனம் அவனுக்கு உதவியது. என்னைவிட ஒரு நிமிடம் முன்னாலேயே மஞ்சள் மிதவையைச் சுற்றினான். படகு போயிற்று என்றே நினைத்தேன்.

வழக்கம்போல் நேராக வந்தான். படகு ஊர்ந்தது. பாதி ஏரியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தோற்கப்போகிறோம் என்று புரிந்திருக்கவேண்டும், என்னைப் போலவே சாய்த்தான். படகு சீறிக் கிளம்பியது. நல்ல வேகம், என்னைவிட வேகம். ஆனால் அவன் உட்கார்ந்திருந்தது எப்போதும் உட்காரும் இடத்தில், முன்பாதியில், கேப்டன் மாதிரி.

ஒரு பலத்த காற்று அடித்தது. இரண்டு மிதவைகளின் மூக்கும் தண்ணீருக்குள் போயின. படகு தலைகுப்புறக் கரணம் அடித்தது. க்ளென் பாய்க்கும் அப்பால் போய் விழுந்தான்.

அர்ஜுனனும் நானும் மீட்புப் படகில் போனோம். க்ளென் தண்ணீரைத் துப்பிக்கொண்டே கத்தினான்.

"இந்த போட்ட என்னா பண்ண? இது இப்படி மூக்கு குத்துனதே இல்ல! பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட இல்ல!"

"இல்லதான்."

"அப்புறம்?"

"காத்து ஏறும்போதெல்லாம் நான் பின்னால போனேன்டா. ஒவ்வொரு தடவையும். நீ திட்டத் திட்டப் போனேன்."

எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அந்தக் கோப்பைகளை எல்லாம் அவன் தலையில் போடவேண்டும்போல் இருந்தது. அர்ஜுனன் அவன் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார். ஈரத்தோடு எழுந்து நின்று எதையோ சொல்ல வந்தான். மீட்புப் படகு ஒருபக்கம் சாய்ந்தது.

"ஆடாம உக்காருடா" என்றேன்.

உட்கார்ந்தான்.