அடங்கிப்போன மனிதர்

மனநலப் பிரிவின் மூன்றாம் வார்டில் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு 'வானொலி' என்று பெயர். வந்து சேர்ந்த நாளிலிருந்து வாய் மூடவில்லை. சுவருக்குள் இருந்து ஒட்டுக்கேட்பவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார். நடுவில், கட்டில் சக்கரத்துக்கு எண்ணெய் போடுங்கள் என்று நர்சக்காவுக்கு யோசனையும் சொல்வார். புது ஊசி ஆரம்பித்த ஐந்தாம் நாள் காலையில் பேச்சு நின்றது.

"அப்பாடா, அடங்கிட்டார்," என்று அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க சேர்க்கிறதுக்கு முன்னாடி இருபது நாளா வீட்டுல ஒருத்தரும் தூங்கல நர்சக்கா."

வார்டே பெருமூச்சு விட்டது. நர்ஸ் மட்டும் அவர் கட்டிலருகே போனாள்.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இமை கொட்டவில்லை. ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்தது; ஆனால் முகவாயிலிருந்து வியர்வை சொட்டி, காலடியில் தரை நனைந்திருந்தது. நெற்றியைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தாள். விறைப்பில்லை, துணிபோல் வந்தது. உதடுகள் மட்டும் ஓயாமல் அசைந்தன. குனிந்து காதை வைத்தாள். மூச்சுதான் பட்டது, குரல் இல்லை.

நாடி நூற்று நாற்பது. அரை மணி கழித்துத் தொண்ணூறு. மறுபடி நூற்று முப்பது. ரத்த அழுத்தமும் அப்படியே ஏறி இறங்கியது. ஆள் அசையாமல் இருக்க, உள்ளே வேறு யாரோ தலைதெறிக்க ஓடுவதும் நின்று மூச்சு வாங்குவதுமாக இருந்தார்கள்.

டாக்டர் வந்து பார்த்தார். "காய்ச்சல் இல்ல. உடம்பு கட்டை மாதிரி விறைக்கவும் இல்ல. நோய்தான் முத்தியிருக்கு. மதிய ஊசியைக் கொஞ்சம் கூட்டிடலாம்."

"ஊசியே இப்படிப் பண்ணுதோன்னு பயமா இருக்கு டாக்டர்."

"ஊசி ஒத்துக்கலைன்னா முதல்ல காய்ச்சல் அடிக்கணுமே, உடம்பு விறைக்கணுமே. புது மருந்துல அந்தக் கோளாறு அவ்வளவா வராதுக்கா."

"வராதுன்னு மருந்துக்குத் தெரியுமா? எல்லா அறிகுறியும் ஒரே நாள்ல வந்து வரிசைல நிக்கணும்னு சட்டமா என்ன? ஊசிக்கு முன்னாடி ரத்தம் மட்டும் பார்த்துடலாமே."

டாக்டர் யோசித்தார். அப்போது மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "காலைல மூத்திரம் கறுப்பு டீ மாதிரி இருந்துச்சு சார். தண்ணி குடிக்காததாலன்னு நினைச்சேன்."

டாக்டரின் முகம் மாறியது. ஊசியை நிறுத்தினார். ரத்தம் போயிற்று, சலைன் ஏறியது. இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தது: தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் பொருள், இருநூறுக்குள் இருக்க வேண்டியது, பதினோராயிரத்தில் நின்றது.

காய்ச்சல் மறுநாள்தான் வந்தது. வந்தபோது கொதித்தது, கழுத்தும் தோளும் கல்லாயின. அதற்குள் அவரைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தார்கள். முந்தின நாளே சலைன் ஏற்றியதால் சிறுநீரகம் தப்பியது.

"அடங்கிட்டார்னு சந்தோஷப்பட்டேனே, பாவி," என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாங்களும்தான்மா பட்டோம்," என்றாள் நர்ஸ்.

ஊசியை நிறுத்திய பத்தாம் நாள், வார்டுக்குத் திரும்பியிருந்த அவருக்குப் பேச்சு வந்தது. கரகரத்த குரலில் சொன்னார்: "நான் உள்ளேதான் இருந்தேன் நர்சக்கா. ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுட்ட மாதிரி. கத்தினேன். நீங்க குனிஞ்சு காதை வெச்சீங்க. அந்தக் காதுலயேதான் கத்தினேன். நீங்க நிமிர்ந்து போயிட்டீங்க."

நர்ஸ் போர்வையைச் சரிசெய்தாள்; செய்ததையே மறுபடி செய்தாள்.

இரண்டு வாரம் விட்டு, வேறொரு மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். ஆறாம் வாரம் அவர் கைத்தடியோடு வீட்டுக்குக் கிளம்பினார். பழைய மருந்தின் பெயரை டாக்டர் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

"எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைக் காட்டுங்க," என்றாள் நர்ஸ்.

மனைவி அட்டையை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, கைப்பையின் உள்ஜிப்பில் வைத்தாள்.