கறுத்த தண்ணீர்

எதுவீனா குழாய்த் தண்ணீரை மூன்றாவது தடவையாகத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி போட வேண்டும். துணியில் கரிச்சேறு திட்டுத்திட்டாகத் தங்கியது. ஊரே அந்தத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளித்தது. அவளுக்கு மட்டும் அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு கொஞ்சம் ஆறியது. தண்ணீர் கறுப்பாக வருகிறதென்றால் மேலே நிலக்கரிச் சுரங்கத்தில் பம்பு ஓடுகிறது. பம்பு ஓடுகிறதென்றால் அவள் புருஷன் பெலார்மினோவைத் தேடுகிறார்கள்.

உயிரோடு இருப்பான் என்று தேடவில்லை. அந்த ஆசை செவ்வாய்க்கிழமையே போய்விட்டது. உடம்பாவது கிடைக்க வேண்டும். அவர்கள் ஊர் இருந்த போயக்கா மலைப்பக்கம், செத்தவனை மண்ணில் வைத்த அன்றுதான் ஒன்பது நாள் செபம் தொடங்கும். அடக்கம் ஆகவில்லை, அதனால் செபமும் இல்லை. வந்தவர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சவப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

பெலார்மினோவின் அக்கா ரொசௌரா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கை வேலை செய்யும்போது அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"பாத்தியா? ஒவ்வொருத்தியும் கேன்ல மழைத்தண்ணி கொண்டாந்திருக்கா. சாவு வீட்டுக் காப்பி கூட ஆகாதாம் இவளுகளுக்கு."

"விடுங்க அண்ணி. குடிக்கிற மாதிரியா இருக்கு இது?"

அப்போதுதான் ஹெலியோதோரோ வந்தார். ஊர்த் தண்ணீர் சங்கத்துக்குத் தலைவர், எதுவீனாவின் மகளுக்கு ஞானத்தகப்பன். கம்பளிப் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தபடி சமையல்கட்டு வாசலிலேயே நின்றார்.

"ஏதாச்சும் சாப்பிட்டியா தாயி?"

"வந்ததச் சொல்லுங்கண்ணே."

"சுரங்கத்துத் தண்ணி தெளியுற ரெண்டு குளமும் ரொம்பிப் போச்சும்மா. சகதி அடியில தங்க நேரமே இல்ல. பம்பு கக்குறது அப்படியே ஓடைக்கு வந்துருது. நாலு ஊருக்கு இந்த ஓடைதான். கன்னுக்குட்டியெல்லாம் கழியுது. சனங்க என்னைய புடிச்சுக் கேக்குறாங்க."

ரொசௌரா கத்தியைக் கீழே வைத்தாள். "மூணாவது குளம் வெட்ட உங்க நெலத்துல ஒரு ஓரம் கேட்டானே என் தம்பி. என்ன சொன்னீங்க? புல்லு வெளையிற எடம், சேத்துக்கு எதுக்குன்னு கேட்டீங்க. இப்ப கன்னுக்குட்டிக்கு அழ வந்துட்டீங்க."

ஹெலியோதோரோ தலையைக் குனிந்துகொண்டார். எதுவீனாவால் பழியை அவர் தலையில் மட்டும் போட முடியவில்லை. சுரங்கத்தின் அடியாழத்தில் ஒரு குழி உண்டு. மொத்த நீரும் கரித்தூளோடும் களிமண்ணோடும் வந்து அதில்தான் இறங்கும். பம்பு அடைத்துக்கொள்ளாமல் அந்தச் சகதியை வாரிக்கொண்டே இருப்பது பெலார்மினோவின் வேலை. வாரியதை மேலே கொண்டுவந்து கொட்டினால் மழையில் கரைந்து ஓடைக்குள் இறங்கியது. ஊர்ப் பெண்கள் கறுத்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு சுரங்க வாசலில் போய் நின்றார்கள். முதல் வரிசையில் நின்றவள் எதுவீனா.

அதற்குப் பிறகு சகதி மேலே வரவில்லை. சுரங்கத்துக்குள்ளேயே, கரி வெட்டி முடித்த ஒரு பழைய பாதையைப் பலகை அடித்து மறித்து, அதன் பின்னால் கொட்டினார்கள். ஊருக்கெல்லாம் தெரியும். குழாயில் கண்ணாடி போலத் தண்ணீர் வந்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை. இந்த மழைக்கு அந்தச் சேறு நீர் குடித்துக் குடித்து ஊதி, திங்களன்று பலகையை உடைத்துக்கொண்டு இறங்கியது. பெலார்மினோ கீழே மண்வெட்டியோடு நின்றிருந்தான்.

"நாளைக்கு ஒரு நாள் பம்ப ஓட விடுங்கண்ணே," என்றாள் எதுவீனா. "ஒரே நாள்."

"நான் மட்டும் முடிவு பண்றதில்ல தாயி." போர்வையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார். "பேசிப் பாக்குறேன்." காப்பி குடிக்காமலே போனார்.

மத்தியானம் அவள் சுரங்கத்துக்கு ஏறினாள். குழாய் வாய் கரிக்குழம்பைக் கக்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி திபேரியோ அவளைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டார்.

"எவ்வளவு தூரம் போயிருக்கீங்க?"

"பொய் சொல்ல மாட்டேம்மா. ஒரு முழம் எடுத்தா உள்ளருந்து ஒரு முழம் வந்து ரொம்புது. எங்க பசங்களையே பலி குடுத்துருவேனோன்னு பயமா இருக்கு."

"நிறுத்த மாட்டீங்கல்ல?"

திபேரியோ குளத்தைப் பார்த்தார். "பம்பு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு," என்றார்.

திரும்பி இறங்கும்போது பாலத்தடியில் ஹெலியோதோரோவின் பசுக்கள் நின்றிருந்தன. ஓடையில் மூக்கை வைத்தன, இழுத்துக்கொண்டன, மறுபடி வைத்தன. ஒரு பெண் கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு, காலி வாளியோடு கரையிலேயே நின்றாள். எதுவீனாவைக் கண்டதும் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. எதுவீனாவுக்கு அவர்கள் எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. தன் மேலும்தான்.

ராத்திரி அவளையும் மீறிக் கண் அசந்துவிட்டது. விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குழாயைத் திறந்தாள். முதலில் கொஞ்சம் சாம்பல் நிறத்தில் வந்தது. பிறகு வெளுத்தது. குடத்தின் அடி தெரிந்தது. ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள். பல்லில் ஒரு துகள்கூடத் தட்டவில்லை.

பம்பை நிறுத்தச் சங்கம் சொன்னதா, திபேரியோவே நிறுத்தினாரா, யாரையும் கேட்கத் தோன்றவில்லை. ஏறிப் போய்க் கத்தலாம். குடத்தின் பக்கத்திலேயே நின்றாள்.

"தண்ணி வருதா?" உள்ளே இருந்து ரொசௌரா கேட்டாள்.

"வருது அண்ணி." குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தாள். "சாமியாருக்குச் சொல்லியனுப்புங்க. செபத்த இன்னைக்கே தொடங்கிரலாம்."

"அடக்கமே ஆகலயே. இன்னைக்கே எப்படிம்மா?"

எதுவீனா நிமிர்ந்து மேலே சுரங்கப் பக்கம் பார்த்தாள். ரொசௌரா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். குடத்தை எட்டிப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

குடம் நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் குழாயை மூடவில்லை.