பாலிங் பி, பினாங்கு பி

...இல்லை, மறுபடியும் அதே சிவப்பு எழுத்து, பெயரோ பாஸ்வேர்டோ தவறாம், இரண்டில் எது என்று சொன்னால் வாயிலிருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா, ரமணி மடிக்கணினியை மேசையில் தள்ளி வைத்துவிட்டு மாடியைப் பார்த்தாள், அங்கேதான் இருக்கிறது கணவர் புவனின் கம்ப்யூட்டர், திரை போன வாரமே செத்துப்போனது, பெட்டி மட்டும் உயிரோடு உறுமிக்கொண்டிருக்கிறது, அதன் வயிற்றுக்குள் அவளுடைய படிப்புச் சான்றிதழ், எப்போதோ அவர் ஸ்கேன் செய்து வைத்தது, அசலைத்தான் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் ஊற வைத்துக் கூழாக்கிவிட்டதே... இன்று ஐந்து மணிக்குள் பாலர் பள்ளி வேலைக்கு விண்ணப்பம் போயாக வேண்டும், கடிதம் இரண்டு வாரம் முன்னமே எழுதி இந்த மடிக்கணினியில் தயாராக இருக்கிறது, சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. ரெண்டு பெட்டிக்கும் நடுவுல கதவு வச்சிருக்கேன்மா, இங்கேருந்தே அப்பா ஃபைலை எடுக்கலாம் என்று தீபாவளிக்கு வந்தபோது மகன் லோகன் சொல்லிவிட்டுப் போனான், கதவு இருக்கிறது, திறந்தால்தானே, அவர் தட்டுகிற நாலு நம்பரைப் போட்டுப் பார்த்தாள், அது செல்லாது, அந்த நம்பர் பெட்டிக்கு முன்னால உக்காந்தாதான்மா, வெளியிலேருந்து வந்தா பாஸ்வேர்ட் கேக்கும், இதுவும் அவன் சொன்னதுதான், இப்போதுதான் ஞாபகம் வருகிறது பாருங்கள்.

அவரைக் கேட்டுவிடலாம், கேட்டால் எதற்கு என்பார், அதுதான் சங்கடம். போன வருஷம் வேலைக்குப் போகட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டதற்கு, வீட்டுல உனக்கு என்ன குறை வச்சேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், இரண்டு நாள் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனவர், இந்தத் தடவை வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதானே மூச்சுக் காட்டாமல் இருக்கிறாள், குறை என்று யார் சொன்னது, பிள்ளைகள் கத்துகிற இடத்தில் இருக்க ஆசை, அதை எப்படிச் சொல்வது... மணி நாலரை, வேறு வழியில்லை, அழைத்தாள், அவர் கூட்டாளி தேவனோடு கோலா கெடா மீன் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தார், பின்னால் ஒரே சத்தம், ஏங்க, உங்க கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் என்னாங்க, பழைய போட்டோ பாக்கணும், பொய் தானாக வந்து விழுந்தது. நம்ம பழைய மோட்டார் நம்பர்லா, இடைவெளி விடாம போடு என்றார், எதற்கு என்று கேட்கவே இல்லை. போட்டாச்சுங்க, போகலையே. பேரு என்னா போட்ட? புவன்னுதான். இங்கிலீஷ்ல எந்த பி? எந்த பின்னா, கல்யாணப் பத்திரிகையில இருந்த பி, பினாங்குக்குப் போடுற பி. அட, அது அச்சடிச்சவன் போட்டது, ஐசி அட்டையில நம்ம ஊரு பாலிங்குக்குப் போடுற பி, பஸ்ஸுக்குப் போடுற பிலா, என்று சிரித்தார், ஊரு பேருக்கே பினாங்கு பி போட்டு எழுதுற ஆளாச்சே நீ, அப்படிப் போட்டா மலாய்ல 'மிகவும்'னு அர்த்தம், மலாய்க்காரன் படிச்சா 'மிகவும்'ங்கிற ஊருல குடியிருக்கோம்னு நெனச்சுக்குவான், சரி சரி, கெம்போங் மீன் வாங்கிட்டேன், போனை வச்சிடவா.

கதவு திறந்துகொண்டது, சான்றிதழ் கிடைத்தது, சிரித்துக்கொண்டேதான் அதை இழுத்து இந்தப் பக்கம் போட்டாள், மிகவும் என்கிற ஊராம், மனுஷனுக்குக் குசும்பு... அப்புறம்தான் கை நின்றது. ஊர்ப் பெயரை அவள் எங்கே எழுதினாள்? தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'ப', மலாயில் அவள் எழுதியதே அந்த ஒரு விண்ணப்பக் கடிதம்தான், அதுவும் இந்த மடிக்கணினியில், யாருக்கும் காட்டவில்லை. கடிதத்தைத் திறந்தாள், முகவரியில் பாலிங் சரியாக இருந்தது, பாலிங் பி. நான் திருத்தினேனா, இல்லையே, எழுதி மூடியதோடு சரி, அப்படியானால் லோகன் வைத்த கதவு, ஆமாம், கதவென்றால் இரண்டு பக்கமும்தானே, அந்தப் பக்கத்திலிருந்து வந்து, படித்து, ஒரே ஒரு எழுத்தை மாற்றிவிட்டு, வாயைத் திறக்காமல், திரை சாகும் முன்னே... கடிதம், சான்றிதழ் இரண்டையும் சேர்த்து அனுப்பினாள், போய்விட்டது. மீனோடு வரட்டும், கேட்டுவிடலாம், எப்ப பாத்தீங்க என்றா, பாத்துட்டு ஏன் சொல்லல என்றா... அந்த 'ஏன் சொல்லல'வை அவர் முந்திக்கொண்டு அவளிடம் கேட்டுவிட்டால்?