மரத்தில் மாட்டிய வலை

அக்டோபர் மாதம், காலை ஏழு மணிக்கே கரிபா ஏரியில் வெயில் சுட்டது. காற்று மூன்று நாள் ஓயாமல் அடித்துவிட்டு அன்றுதான் படகை இறக்க விட்டது. அதற்குள் வலையில் சிக்கிய மீன்கள் சூட்டில் அழுகியிருந்தன. தண்ணீர் வற்றியதால், அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் மேலே வந்திருந்தன. அவற்றில் ஒன்றின் கிளையில் வலை மாட்டிக்கொண்டது. முடிண்டாவின் குடும்பத்திடம் இருந்ததே அந்த ஒரு வலைதான்.

முடிண்டா துடுப்பை நிறுத்தினாள். "அறுத்து விட்ருங்க. பாதி வலை வந்தாப் போதும்."

"பாதி வலைன்னா பாதிப் பிள்ளைங்களுக்குத்தான் களி. நம்ம சூல்வே எந்தப் பாதியிலன்னு நீயே சொல்லு," என்றான் அவள் கணவன் சியமுங்கா, சட்டையைக் கழற்றியபடி.

"அழுகின மீனுக்கு முதலை வரும்."

"இந்த நாத்தத்துக்கு அதுவே ஓடியிருக்கும்."

கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு அவன் மூழ்கினான். முடிண்டா வலையின் கயிற்றைப் பிடித்துக் காத்திருந்தாள். கயிறு இரண்டு முறை அசைந்தது, பிறகு தளர்ந்தது. அவள் இழுக்க இழுக்க வலை கிழியாமல் வந்தது. மரத்துக்கு அப்பால் தண்ணீர் ஒருமுறை பெரிதாகப் புரண்டு அடங்கியது. வலை முழுவதும் படகுக்குள் வந்துவிட்டது.

"சூல்வே அப்பா, வலை வந்திருச்சு. மேல வாங்க."