முந்தலில் வெட்டிய வரம்பு

1

ஒரு பிழையிலிருந்து பிறந்த கதை இது. "புத்தளத்தின் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் விளிம்பில் பளீலா நின்றாள்" என்று கம்பீரமாகத் தொடங்கியிருந்தேன். வாசித்த பளீலாவே கேட்டாள்:

"புத்தளத்துல எங்க சுரங்கம்? அது நான் ஜேர்மனியில பாத்தது. இங்க போனது முந்தல் இறால் குளத்துக்கு."

அந்த வரியை அடித்துவிட்டேன். (அந்த வாக்கியத்தின்மேல் ஆசை இன்னும் போகவில்லை. அதனால்தான் உங்களுக்குக் காட்டினேன்.)

2

புத்தளம் தில்லையடிக்காரி பளீலா, மண்ணையும் நீரையும் சோதிக்கும் அரச கந்தோரில் அலுவலர். யுத்தம் முடிந்த ஐந்தாம் வருடம், பழைய சுரங்கங்கள் எப்படி மீட்கப்படுகின்றன என்று பார்த்துவர அவளை ஜேர்மனிக்கு அனுப்பினார்கள். கரி தோண்டிய பள்ளங்கள் அங்கே ஏரிகளாகியிருந்தன. நல்ல நீலம். ஆனால் மீன் இல்லை, தண்ணீரெல்லாம் அமிலம். ஒரு படகு நாள் முழுக்கச் சுண்ணாம்பு தெளித்துக்கொண்டு போனது.

எப்போது முடியும் என்று கேட்டாள். "என் ஆயுசில் இல்லை" என்றார் வழிகாட்டி.*

(இங்கே அரைப் பக்கம் தத்துவம் இருந்தது. "பூமித்தாயின் ஆறாத..." வேண்டாம்.)

* பளீலா சொன்ன அவருடைய பெயரைக் குறித்து வைத்தேன். தாளைத் தொலைத்துவிட்டேன்.

3

அவள் திரும்பி வந்த கிழமை, முந்தலில் களப்பு என்னும் கடலேரிக் கரையில் ஜூலியானா காத்திருந்தாள். அவளுடைய தென்னங்காணியைக் குத்தகைக்கு எடுத்து இறால் குளம் வெட்டியவர்கள், இறாலுக்கு நோய் வந்ததும் விட்டுப் போய்ப் பத்து வருடம். வரம்பில் நாற்பது தென்னம்பிள்ளைகளை அடுக்கி வைத்திருந்தாள்.

"வைக்கலாந்தானே மிஸ்?"

பளீலா மண்ணைக் கரைத்துக் கருவியை விட்டாள். உப்பு. உப்போடு அமிலமும்.

(இந்த இடத்தில் பளீலாவை அழவைத்திருந்தேன். "நான் எங்க அழுதன்? பசிச்சது" என்றாள்.)

"தென்ன இனி இதுல வராது அக்கா. வரம்ப வெட்டி விடுங்க, களப்புத் தண்ணி வந்து போகட்டும். சேத்துல கண்டல் மரம் முளைச்சா மீன் வரும்."

"எத்தின வருசம்?"

ஒரு பொய் நாக்கு வரை வந்தது. "பத்து. கூடவும் ஆகலாம்."

"எனக்கு அறுபத்திரெண்டு மிஸ்."

"ஓம் அக்கா."

ஜூலியானா தென்னம்பிள்ளைகளை ஒவ்வொன்றாய் வரம்பிலிருந்து எடுத்து அப்பால் வைத்தாள். பிறகு வீட்டுக்குப் போய் இரண்டு மண்வெட்டி கொண்டு வந்தாள். ஒன்றை நீட்டினாள்.

"சொன்ன ஆள் நீங்க. வெட்டுங்க."

பளீலா சப்பாத்தைக் கழற்றினாள். பகல் சாய வரம்பு உடைந்தது. களப்பு நீர் உள்ளே வந்து இருவர் முழங்காலையும் தொட்டது.

"முளைக்காட்டி உங்கட கந்தோருக்கு வந்து குந்திருவன்" என்றாள் ஜூலியானா. அவள் சிரிக்கவில்லை.

4

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கண்டல் முளைத்து, கொக்கும் வந்து நிற்கிறது. (கொக்கு என் உபயம்.) மற்றதில் குளம் நாறுகிறது. எட்டு மாதமாக இரண்டையும் மாறி மாறித் திருத்துகிறேன். இங்கிருந்து முந்தலுக்கு ஒரே பஸ். போய்ப் பார்க்கத்தான் நேரமில்லை.

பளீலா இன்று காலை அங்கே போயிருக்கிறாள். இதோ தொலைபேசி அடிக்கிறது. அவள்தான்.

எனக்குக் கை நீளவில்லை. நீங்கள் எடுங்கள்.