மஞ்சள் நூலும் பச்சை நூலும்

11.2.1997, செவ்வாய். அப்பாவுக்கு வாசித்துச் சொன்னபோது பதினாலாம் பக்கத்தில் இரண்டு வரிகளை மாற்றிச் சொல்லிவிட்டேன். இன்று வகுப்பில் அந்த வயர் படத்தை வரைகையில்தான் கண்டேன். வீட்டுக்கு வந்தபோது அப்பா படுத்துவிட்டார். காலையில் சொல்ல வேண்டும்.

செல்லக்கனி அந்தப் பக்கத்தை மூன்றாம் முறையாக வாசித்துவிட்டு நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகினாள். வெளியே சங்கு ஊதியது.

"ஏட்டி கனி, எண்ணெய்க் கிண்ணம் எடுக்கப் போனவ அங்கனயே குடியிருந்துட்டியா?" சுந்தரம்மாள் சித்தி கூப்பிட்டாள்.

அன்று விடியும் முன் பல் தேய்க்க எழுந்த அப்பா சௌந்தரபாண்டியன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஐம்பத்து நாலு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியன். முதலாளி வாங்கிய நாலு பேர் உட்காரும் சின்ன விமானத்துக்கும் வயர் வேலை அவர்தான்.

போன தீபாவளி முடிந்த கையோடு, வடக்கே இரண்டு பெரிய விமானங்கள் நடுவானில் மோதிய சேதி பேப்பரில் வந்தது. முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. அக்கம்பக்கத்தில் வேறு விமானம் வந்தால் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு மேலே, கீழே என்று காட்டும் பெட்டி ஒன்றை அமெரிக்காவிலிருந்து தருவித்தார்.

"வானத்துல எம்புட்டு எடம் கெடக்கு! அதுல போயி ரெண்டும் முட்டிக்கிடுது பாரு," என்றார் அப்பா. ஆனாலும் மூன்று வாரம் ஞாயிறு பார்க்காமல் உழைத்தார். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைச் செல்லக்கனி வாசிப்பாள். அப்பா கம்பிக்கு ஒரு நிறமாக மில் நூலைக் கட்டி, அதனதன் இடத்தில் இணைத்துக்கொண்டே வருவார். ஓடுதளத்துக்கு அப்பால் செண்பகத்தோப்பு மலை நீலம் கறுத்துவரும்வரை இருவரும் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்திருப்பார்கள். பைலட் சமுத்திரம் டீ வாங்கி வருவார். "பேரு சமுத்திரம், பொழப்பு ஆகாசம். இவர எந்தக் கணக்குல சேக்க?" என்று அப்பா சிரிப்பார்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "நான் தப்பா வாசிச்சா என்னப்பா செய்வீக?"

"நீ சொன்னதத்தான் கட்டுவேன். நடுவுல நான் ஒரு யோசன பண்ணுனா வேல கெட்டுப்போவும்."

அதனால்தான் அவளுக்குச் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போனது. விமானத்தின் உயரத்தைப் பெட்டிக்குச் சொல்லும் கம்பிகளில் இரண்டு, மஞ்சளும் பச்சையும், இடம் மாறிக் கிடந்தன.

குளிப்பாட்ட நீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு ஆண்கள் கிளம்பும் நேரத்தில் சமுத்திரம் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாரிச்சாமி மாமாவிடம் சொன்னார்:

"அண்ணாச்சி நேத்தே டெஸ்ட் பண்ணி முடிச்சிட்டாரு. நாளைக்கு மொதலாளியக் கூட்டிக்கிட்டு பெங்களூர் போறேன். அங்க இன்ஜினியர் பாத்து கையெழுத்துப் போடணும். அதப் பாக்க அவருக்குக் குடுத்து வைக்கலையே."

நாளைக்கு. பெண்கள் வட்டத்தை விட்டு எழுந்த செல்லக்கனியை மாமா வாசல் ஓரத்தில் மறித்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறிப்போயிற்று.

"மெல்லப் பேசுட்டி. முப்பது வருசத்துல அவரு வேலய ஒரு பய கொறை சொன்னதில்ல. இன்னைக்கா சொல்லணும்?"

"தப்பு எம்மேலதான் மாமா. அப்பா மேல இல்ல."

"ஊரு அப்படியா பேசும்? சௌந்தரபாண்டியன் கட்டுனது தப்புன்னுதான் பேசும். அந்த இன்ஜினியர் பாத்துக்கிடுவான், விடு."

"அங்க போய்ச் சேரணும்ல மாமா?"

மாமா வழியை விடவில்லை. அவள் அவர் கையை விலக்கிக்கொண்டு பந்தலுக்குள் ஆண்கள் பக்கம் நடந்தாள்.

"சார், நாளைக்கு அதுல போகாதீக. ரெண்டு கம்பி மாறிக் கெடக்கு. நான்தான் தப்பா வாசிச்சேன்."

சமுத்திரம் எழுந்து நின்றார். "தரையில சரியாத்தானம்மா காட்டுச்சு? நானும் பக்கத்துல இருந்தேனே."

"தரையில சரியாத்தான் காட்டும் சார், அந்த ரெண்டு கம்பிக்கும் அங்க வேல இல்ல. மூவாயிரம் அடிக்கு மேல போனாத்தான் உயரம் தப்பாவும். நேரா எதுக்க வாரது எங்கயோ கீழ போற மாதிரி இருக்கும்."

அவர் விமானத்துப் பெட்டிக்குள் எதையோ பார்ப்பதுபோல வெறும் தரையைப் பார்த்தார். பிறகு அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, சத்தமாகவே சொன்னார்: "அண்ணாச்சி, மக வாசிச்சபடியே கட்டியிருக்காரு. அம்புட்டு சுத்தமான வேல." மாமாவையும் ஒருமுறை பார்த்தார். "நாளைக்குப் பயணம் இல்ல. அத மொதலாளிகிட்ட நான் பேசிக்கிடுதேன். ஆனா அவரு கட்டுன கட்ட நான் பிரிச்சா எது எதுன்னு எனக்குத் தெரியாதேம்மா."

"நான் வாரேன் சார்."

பாடையோடு தெரு முனைவரை போன பெண்கள் திரும்பினார்கள். வீடு கழுவி முடிந்தபின் அம்மா அய்யம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"நேத்தே தெரியுமா ஒனக்கு?"

"ம்."

"எழுப்பியிருக்கலாம்ல?"

"அலுத்துப்போயி தூங்குனாகம்மா. எழுப்புனா அப்பவே சைக்கிள எடுத்திருப்பாக."

அம்மா காப்பித் தம்ளரை எடுத்தாள், குடிக்காமல் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்:

"எத்தன மணிக்குப் போவணும்?"

"எட்டரை பஸ்ஸுக்கு."

"தலைக்குக் குளிச்சிட்டுப் போ."

செல்லக்கனி நோட்டை எடுத்து எழுதி, எழுதியதைத் தானே ஒருமுறை சரிபார்த்தாள்.

12.2.1997, புதன். நாளை: சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போனவர்கள் வந்ததும் எட்டரை மணி டவுன் பஸ். புத்தகத்தையும் சாலிடர் கம்பியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள், பச்சை இரண்டையும் மாற்ற வேண்டும். சமுத்திரம் சார் வாசிப்பார். நான் கட்ட வேண்டும்.